பக்கத்து வீட்டுக்கு யார் பொறுப்பு? பேர்லின் கூரைகளில் ஓர் இணைய வரலாறு

(கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன், இப்போது சந்தியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். கையில் ஒரு கொப்பி. அதில் எங்கள் ஊரை வரைந்து, நாற்பது வீடுகளுக்குப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்திருந்தான்.

"சேர், வீட்டுக்கு வீடு ஒரு றவுட்டர். எல்லாம் ஒண்டோட ஒண்டு கதைக்கும். ரெண்டு கனெக்சன் எடுத்தாப் போதும், நாப்பது வீட்டுப் புள்ளைகளும் படிக்கலாம். மெஷ் எண்டு சொல்ற. செய்வமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், 2021இல் நானும் இதைச் சிறியளவில் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன்.

அப்போது பாடசாலைகள் பூட்டியிருந்தன. பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்தது. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு டேட்டா போட வசதியில்லை. என் வீட்டில் லைன் இருந்தது. பழைய றவுட்டர்கள் இரண்டைத் தேடி எடுத்து, என் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும் அங்கிருந்து மூன்றாம் வீட்டுக்கும் சிக்னலைக் கடத்தினோம். அடுத்த வீட்டில் ஓரளவு ஓடியது. மூன்றாம் வீட்டில் ஆசிரியரின் முகம் அசையாமல் நின்றது, குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. பரவாயில்லை, குரலாவது வருகிறதே என்று இருந்தோம்.

மூன்று கிழமை போனது. நடுவீட்டுக் காக்கா ஒரு நாள் பிளக்கைக் கழற்றிவிட்டார். கேட்கப் போனேன். "சேர் கோவிக்காதீங்க. ஆரோ ஒரு பொடியன் எதையோ எழுதிப் போட்டா, பாதையைப் பாத்துக்கொண்டு வாற ஆக்கள் முதல்ல ஆர்ட வீட்டுக்கு வருவாங்க? உங்கட வீட்டுக்கும் என்ட வீட்டுக்கும்தானே?" என்றார்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என்னிடம் பதிலும் இருக்கவில்லை. பெட்டிகளைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இதை வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்ததுதான் ஜேர்மனியின் பேர்லின் நகரக் கதை. மாணவனுக்குச் சொன்ன அதே கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

முதலில் பேர்லினில் ஏன் தொடங்கியது என்று பார்ப்போம். ஏழ்மையால் அல்ல. 1989இல் சுவர் விழுந்தது, 1990இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றாகின. கிழக்கில் தொலைபேசி வசதி மிகவும் பின்தங்கியிருந்தது. அதைச் சரிசெய்யும்போது, பழைய செப்புக் கம்பிக்குப் பதிலாக அக்காலத்தின் மிகப் புதிய பொருளான கண்ணாடி இழையைப் பல இடங்களில் புதைத்தார்கள். எதிர்காலத்துக்கான வேலை என்று நினைத்தார்கள். ஆனால் 1990களின் கடைசியில் வந்த அதிவேக இணையமான டீஎஸ்எல், செப்புக் கம்பியில் ஓடும்படி உருவாக்கப்பட்டிருந்தது. புதைத்த கண்ணாடி இழை அதற்கு உதவவில்லை. மேற்கு பேர்லினில் பழைய கம்பி உள்ளவனுக்கு வேகமான இணையம்; கிழக்கில் ஃபிரீட்ரிஷ்ஹைன், பிரென்ஸ்லவர் பேர்க் போன்ற பகுதிகளில், புதிய கம்பி உள்ளவனுக்கு ஒன்றுமில்லை. புதிய வீதி போட்டுத் தந்துவிட்டு, அதில் பஸ் ஓடாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அதே காலத்தில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ், ஜூலியன் பிரீஸ்ட் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் 'கன்சியூம்' என்ற முயற்சியைத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கட்டடத்தில் உள்ள இணையத்தை வீதியின் மறுபக்கத்துக் கட்டடத்துக்குக் கம்பி இழுக்காமல் வைஃபையால் கடத்துவது, அப்படியே கூரைக்குக் கூரை தாவி நகரத்துக்கே வலை பின்னுவது, அதுதான் எண்ணம். 2002 ஒக்டோபரில் லண்டன்காரர்களும் பேர்லின்காரர்களும் பேர்லினில் கூடிப் பேசினார்கள். அங்கிருந்து கிளம்பிய இயக்கத்தின் பெயர் 'ஃபிரைஃபுங்க்'. 'சுதந்திர வானொலி' என்று பொருள் சொல்லலாம்.

மெஷ் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சாதாரண வைஃபையில் நடுவில் ஒரு பெட்டி, எல்லா ஃபோனும் அதனோடுதான் பேசும். மெஷ்ஷில் நடு என்று ஒன்றில்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் காதுக்கு எட்டும் பெட்டிகளோடு பேசும். தூரத்துச் செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பும். ஒரு வீட்டில் கரண்ட் போனால் செய்தி வேறு வீட்டால் சுற்றிப் போகும். அதாவது உங்கள் வீட்டுப் பெட்டி உங்களுக்காக மட்டும் வேலை செய்வதில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் செய்தியையும் அது சுமக்கிறது. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் இதற்குள்தான் இருக்கிறது.

பெட்டி எங்கிருந்து வந்தது? 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் நீலமும் கறுப்பும் கலந்த ஒரு மலிவான றவுட்டரை விற்பனைக்கு விட்டது. அதற்குள் லினக்ஸ் மென்பொருள் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி அந்த மூலநிரலை வெளியிட வேண்டும் என்று கேட்டார்கள். 2003இல் நிறுவனம் வெளியிட்டது. அதன் பிறகு யாரும் அந்தப் பெட்டிக்குத் தாங்களே மென்பொருள் எழுதலாம் என்றானது. பேர்லின் இளைஞர்கள் மெஷ் ஓடும் மென்பொருளை எழுதி அதில் ஏற்றினார்கள். கடையில் வாங்கிய சாமான், ஆனால் வேலை வேறு.

இனித்தான் சிரமங்கள் வரிசையாக வந்தன.

முதலாவது, காற்று. வைஃபை அலை நேர்கோட்டில் போக விரும்புவது. சுவர் தடுக்கும், ஈரமான இலை உறிஞ்சும். மாரியில் மரம் மொட்டையாக நிற்கும்போது பூட்டிய இணைப்பு, வசந்தத்தில் இலை விட்டதும் பலவீனமாகிவிடும். ஆகவே கூரைக்கு ஏற வேண்டும். கூரை வீட்டுச் சொந்தக்காரனுடையது, குடியிருப்பவன் வாடகைக்காரன். சிக்னலைத் தேடுவதற்கு முன் சம்மதத்தைத் தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது, கைமாற்றும் விலை. ஒரே அலைவரிசையில் ஓடும் பெட்டி, கேட்கும் நேரத்தில் பேசாது, பேசும் நேரத்தில் கேட்காது. ஆகவே ஒரு பெட்டியைத் தாண்டிப் போனால் வேகம் பாதியாகும், இன்னொன்றைத் தாண்டினால் அதிலும் குறையும். என் மூன்றாம் வீட்டில் ஆசிரியரின் முகம் ஏன் உறைந்து நின்றது என்பது இதை வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பேர்லின்காரர்கள் இதற்குக் கண்ட வழி, தெருவுக்குள் சிறு பெட்டிகளும், அவற்றுக்கு மேலே உயரத்தில் வேறு அலைவரிசையில் ஓடும் நீண்ட தூர இணைப்புகளும். உயரமான இடம் எது? தேவாலயக் கோபுரங்கள். அனுமதி கேட்டார்கள், பல தேவாலயங்கள் கொடுத்தன. நம் ஊர்களில் இதை வாசிக்கும் எவருக்கும் பள்ளிவாசல் மினாராவும் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும் நினைவுக்கு வராமல் இராது.

மூன்றாவது, வழி தெரிவது. செய்தி எந்தப் பெட்டி வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு விதிமுறை வேண்டும். அவர்கள் முதலில் எடுத்தது ஓஎல்எஸ்ஆர் என்ற, 2003 ஒக்டோபரில் வெளியான விதிமுறை. அது காகிதத்தில் அழகு, கூரையில் அவலம். குறைந்த எண்ணிக்கையான தாவல் உள்ள பாதையே நல்ல பாதை என்று அது நினைத்தது. அதனால் பக்கத்திலுள்ள இரண்டு உறுதியான பெட்டிகளை விட்டுவிட்டு, தூரத்தில் அரைகுறையாகக் கேட்கும் ஒன்றைப் பிடித்துத் தொங்கியது. எத்தனை செய்தி தொலைகிறது என்று எண்ணிப் பார்த்துப் பாதையைத் தெரிவு செய்யும்படி அதைத் திருத்தினார்கள். அதன் பிறகும் இன்னொரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு பெட்டியும் முழு நகரத்தின் வரைபடத்தையும் மனதில் வைத்திருக்க வேண்டும். பெட்டிகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது, அந்த மலிவான றவுட்டரின் சின்ன மூளைக்கு அது தாங்கவில்லை.

அப்போதுதான் வேறு கோணத்தில் யோசித்தார்கள். நீங்கள் தெரியாத ஊருக்குப் போய் ஒரு வீட்டைத் தேடும்போது ஊரின் வரைபடம் தேவையா? சந்தியில் கேட்கிறீர்கள், "இப்படியே போங்க" என்கிறார்கள். அடுத்த சந்தியில் திரும்பக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு சந்திக்காரனுக்கும் தெரிய வேண்டியது எந்தப் பக்கம் என்பது மட்டுமே. பெட்டிகளும் அப்படியே இருக்கட்டும் என்று புதிய விதிமுறை எழுதினார்கள். அதற்கு வேடிக்கையாக வைத்த பெயர் பேட்மேன். அதிலிருந்து வளர்ந்த மென்பொருள் 2011இல் லினக்ஸின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்டது. சம்பளம் வாங்காமல் செய்த வேலை இன்று உலகம் முழுக்க யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாகக் கிடக்கிறது.

நான்காவது, மனிதர்கள். பெட்டி பூட்டுவது ஒரு நாள் வேலை. இரண்டு வருடம் கழித்து மழையில் இணைப்பான் துருப்பிடித்தால் யார் ஏறுவது? பேர்லினில் 'சி-பேஸ்' என்ற இடத்தில் புதன்கிழமைதோறும் கூடினார்கள். புதியவர் பெட்டியோடு வருவார், பழையவர் காட்டிக் கொடுப்பார். அதோடு ஐரோப்பாவின் பல நகரத்து வலைக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறு உடன்படிக்கையும் எழுதினார்கள். அதன் சாரம் எளிமையானது. என் பெட்டி வழியாகப் போகும் பிறர் செய்தியை இலவசமாக விடுவேன், அதில் கை வைக்க மாட்டேன். இணைவதற்குத் தேவையான விபரங்களை வெளிப்படையாக வைப்பேன். எந்நேரமும் வேலை செய்யும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். என் வலைக்குள் பாவனை விதிகளை நானே வைத்துக்கொள்வேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் எழுத்து. நான் 2021இல் எழுதாமல் விட்டது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் பத்து வருடத்துக்குள் ஓரளவு தீர்த்துவிட்டார்கள். ஐந்தாவதுதான் அவர்களை உட்கார வைத்தது. அது எங்கள் நடுவீட்டுக் காக்கா கேட்ட அதே கேள்வி.

ஜேர்மன் சட்டத்தில் ஒரு பழைய கோட்பாடு உண்டு. தவறை நீ செய்யாவிட்டாலும், அது நடக்க உன் பொருள் வழிவிட்டிருந்தால், அதைத் தடுக்கத் தவறியவன் என்ற வகையில் உன்னிடம் கேட்கலாம். ஒருவர் விடுமுறையில் வெளியே போயிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய வைஃபை வழியாக யாரோ ஒரு பாட்டை இணையத்தில் பகிர்ந்தார்கள். அவர் ஊரில் இல்லை என்பது நிரூபணமானது. வழக்கு உச்ச மட்டம் வரை போனது. 2010 மே 12ஆம் திகதி கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் றவுட்டரைச் சரியான கடவுச்சொல்லால் பூட்டாதது அவருடைய பிழை, அந்தளவுக்கு அவர் பொறுப்பு.

கடவுச்சொல் போட்டுப் பூட்டினால் அது ஊருக்குத் திறந்த வலையாகாது. திறந்து வைத்தால் வழக்கறிஞரின் கடிதம் வரும், அதோடு சில நூறு யூரோ செலவு வரும். கடிதம் வராவிட்டாலும் வருமோ என்ற பயம் போதும். மனைவி கேட்பாள், வீட்டுக்காரன் கேட்பான், "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று. பிளக் கழன்றுவிடும்.

ஃபிரைஃபுங்க்காரர்கள் இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று தற்காலிகமானது. 2012இல் ஒரு சிறு பெட்டியைத் தயாரித்துக் கொடுத்தார்கள். அதில் விருந்தாளிகளின் இணையப் போக்குவரத்து முழுவதும் ஒரு மறைகுழாய்க்குள் புகுந்து சுவீடனில் வெளிவரும். வீட்டுக்காரரின் முகவரி எங்கும் தெரியாது. தன் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு உதவ, செய்தியைக் கடல் கடந்து சுற்றி அனுப்ப வேண்டிய நிலை. இரண்டாவது வேலை நீண்டது. சங்கமாகப் பதிந்து, "தொலைபேசி நிறுவனம் தன் லைனில் யார் என்ன பேசினாலும் பொறுப்பில்லை என்றால், நாங்களும் வெறும் வழிவிடுபவர்கள்தானே" என்று வாதாடிக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் மியூனிக் அருகே ஒளி, ஒலிச் சாதனக் கடை வைத்திருந்த தோபியாஸ் மெக்ஃபேடன் என்பவர் தன் கடையில் வைஃபையைத் திறந்தே வைத்திருந்தார். அதன் வழியாக யாரோ இசைப்பதிவைப் பகிர்ந்ததற்கு ஒரு பெரிய இசை நிறுவனம் அவரைக் கேட்டது. அவர் விட்டுக்கொடுக்காமல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 2016 செப்டெம்பர் 15ஆம் திகதி தீர்ப்பு பாதி வெற்றியாக வந்தது. நஷ்டஈடு இல்லை, ஆனால் கடவுச்சொல் வைக்கும்படியும் பாவிப்பவர் யார் என்று அறியும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம் என்றது. ஜேர்மன் பாராளுமன்றம் 2016இல் ஒரு முறை அரைகுறையாகவும் 2017இல் மறுபடியும் சட்டத்தைத் திருத்தியது. 2017 ஒக்டோபரிலிருந்து, பிறர் செய்த பிழைக்காகத் திறந்த வைஃபை வைத்திருப்பவரிடம் அந்தப் பழைய வழியில் செலவு கேட்க முடியாது என்றானது. குறிப்பிட்ட ஒன்றைத் தடைசெய்யும்படி மட்டும் கேட்கலாம். 2018 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றமும் அதை ஏற்றது.

இந்தச் சட்டச் சண்டையின் நடுவே வந்ததுதான் 2015. அந்த ஆண்டு சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான் என்று ஓடி வந்தவர்கள் எட்டரை இலட்சத்துக்கும் மேல். உடற்பயிற்சி மண்டபங்களிலும் பழைய கட்டடங்களிலும் தங்க வைக்கப்பட்டார்கள். உம்மாவை விட்டு வந்தவனுக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாகத் தேவைப்பட்டது ஒரு அழைப்பு. பொறுப்புச் சட்டத்துக்குப் பயந்து பல இடங்களில் அதிகாரிகள் வைஃபை கொடுக்கத் தயங்கினார்கள். ஏணியோடு வந்தவர்கள் ஃபிரைஃபுங்க்காரர்கள். அந்தப் பத்து வருடப் பழக்கம், துருப்பிடித்த இணைப்பான், புதன்கிழமைக் கூட்டம் எல்லாம் அந்த இரவுகளுக்கு உதவின. கிழக்கு பேர்லினில் அதற்குள் நல்ல இணையம் வந்துவிட்டது. எந்தக் குறைக்காகத் தொடங்கினார்களோ அந்தக் குறை தீர்ந்திருந்தது. பலர் விலகியும் போயிருந்தார்கள். மிஞ்சியவர்கள் மிஞ்சியதால்தான் 2015இல் ஆள் இருந்தது.

கடைசியாக ஒரு திகதி. இப்படிச் சமூக வலை அமைப்பதும் பொதுநலச் சேவையே என்று ஜேர்மன் வரிச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2020இல். தொடக்கம் 2002. இடையில் பதினெட்டு வருடங்கள். பெட்டியைப் பேச வைக்கச் சில வருடம். அயலவனுக்கு வழிவிடுவது குற்றமில்லை என்று எழுத்தில் வாங்கப் பதினைந்து வருடம்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. வில்பத்துக் காட்டோரம், அநுராதபுர மாவட்டத்தின் மஹவிலச்சியவில், நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கத் தொடங்கி, 2006 அளவில் வீடுகளைக் கம்பியில்லா மெஷ்ஷால் இணைக்கும் வரை போனார். போர் நடந்த காலம், எல்லைக் கிராமம். ஆசிரியர் என்றால் இதெல்லாம் நமக்குரிய வேலையில்லை என்று சொல்பவர்களுக்காக இதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாணவன் கொப்பியை மூடினான். "அப்ப வேணாம் எண்டு சொல்றீங்களா சேர்?"

இல்லை மகன். வரிசையை மாற்று என்றுதான் சொல்கிறேன். நாற்பது வீட்டில் தொடங்காதே, ஐந்து வீட்டில் தொடங்கு. பெட்டி வாங்க முதல் அந்த ஐந்து வீட்டாரையும் ஒரு இரவு உட்கார வை. யாருடைய பெயரில் லைன், யார் பாவிக்கலாம், பிள்ளைகள் மட்டும்தானா, எத்தனை மணி வரை, மூன்றாம் வருடம் கூரைக்கு ஏறுவது யார் என்று எழுது. லைன் தருகிற நிறுவனம் இப்படிப் பகிர்வதை அனுமதிக்கிறதா, ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேள். பதில் வரச் சுணங்கினால், அதுவரை இணையமே இல்லாமல் ஐந்து வீட்டுக்கும் ஒரு உள்ளூர் நூலகம் ஓட விடலாம். கடந்தகால வினாத்தாள்கள், பாடக் காணொளிகள், எல்லாம் ஒரு பழைய கணினியில். வெளியே போகாத செய்திக்கு யார் பயப்படப் போகிறார்கள்? வலை பழகட்டும், மனிதரும் பழகட்டும்.

அவன் கொப்பியை மறுபடி திறந்து, நாற்பது புள்ளிகளில் ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டான். அதில் ஒன்று நடுவீட்டுக் காக்காவின் வீடு. "அவர்ட்ட நீங்கதான் கதைக்கணும் சேர்" என்றான்.

நாளை அஸருக்குப் பிறகு போகிறேன். இந்த முறை பெட்டியைக் கொண்டுபோகவில்லை, ஒரு தாளும் பேனையும்தான்.

உங்கள் ஊரில் யாராவது இப்படி வீட்டுக்கு வீடு இணைத்துப் பார்த்திருந்தால், ஓடியதோ நின்றதோ, கீழே எழுதுங்கள். நின்ற கதைகள்தான் எனக்கு அதிகம் தேவை.